புறம்போக்கில் குடியேறிய எண்கள்

என் மனைவியின் முதல் சொந்தச் சூளை எரிந்துகொண்டிருந்த நாளில், அதன் கணக்கு முழுவதையும் நான் புறம்போக்கில் குடிவைத்திருந்தேன். மணிமுத்தாற்றங்கரைப் புறம்போக்கு இல்லை, ஒரு கால்குலேட்டருக்குள் இருக்கிற புறம்போக்கு. இப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்காது என்று தெரியும். அன்றைக்கு ஷெட்டில் இருந்தவர்களுக்கும் முதலில் விளங்கவில்லை. விளங்கிய பிறகும் என்னை அடிக்க வராதது அவர்களுடைய பெருந்தன்மை.

முறையாகவே சொல்கிறேன். என் மனைவி கல்யாணத்துக்கு முன்பிருந்தே பீங்கான் பேட்டையில் வேலை பார்த்தவள். மண்ணை அச்சில் அழுத்தி எடுப்பது, காய்ந்ததும் பிசிறு தட்டுவது, பூச்சில் முக்குவது எல்லாம் அடுத்தவர் ஷெட்டில், அடுத்தவர் அதட்டலில். போன வருஷம் ஒருநாள் முதலாளி எல்லார் முன்னாலும் ஏதோ சொல்லிவிட்டார். என்ன சொன்னார் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டே, "இனிமே அந்த வாசப்படிய மிதிக்கிறதா இல்ல" என்றாள். அவ்வளவுதான். நகையை வைத்து ஒரு சின்ன ஷெட்டை வாடகைக்குப் பிடித்தாள். மின்கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் இன்சுலேட்டர் செய்வது என்று முடிவு. மண் கலவைகூட அவளே தேடிச் சேர்த்தது.

கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வியாபாரி முதலில் சாம்பிளுக்கு ஒரு லோடு கேட்டிருந்தார். சரக்கு நல்லபடியாக இருந்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்வேன் என்றார். சொதப்பினால் அடுத்த ஆளைப் பார்ப்பார். அவர் அடுத்த ஆளைப் பார்த்தால் இவள் ஷெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பழைய வாசப்படியைத்தான் மிதிக்க வேண்டும். ஆகவே அந்த ஒரு சூளைதான் எல்லாம்.

இதில் என் பங்கு என்ன என்று கேட்கலாம். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரும் போனும் ரிப்பேர் செய்கிறவன். என் மனைவியின் கணக்குப்படி, நன்றாக இருக்கிற பொருளைப் பிரித்துப் பார்த்து, பிறகு அதை ரிப்பேர் செய்கிறவன். அவள் வேலையில் நான் தலையிட்டதே இல்லை, அவள் தலையிட விட்டதும் இல்லை. விதி வேறு மாதிரி வேலை செய்தது. பேட்டையில் எல்லாரும் முறை வைத்து எரிக்கிற வாடகைச் சூளையின் கட்டுப்பாட்டுப் பெட்டி கெட்டுப்போய் மெட்ராசுக்குப் போய்விட்டது. எவ்வளவு நேரத்தில் எவ்வளவு சூடு ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்று பர்னர்களுக்குச் சொல்வது அந்தப் பெட்டிதான். பெட்டி திரும்பி வரக் காத்திருந்தால் முறை தவறிவிடும், வியாபாரியும் காத்திருக்க மாட்டார். சூளையில் மிச்சம் இருந்தது உள்ளே இந்த நிமிடம் என்ன சூடு என்று மட்டும் காட்டுகிற ஒரு மீட்டர்.

பீங்கான் வேகிறது சோறு வேகிற மாதிரிதான். கொதி வந்தால் போதாது, எவ்வளவு நேரம் கொதித்தது என்பதும் வேண்டும். சூடு கொஞ்சம் இறங்கினால் இன்னும் சற்று நேரம் கூட வைக்க வேண்டும், ஏறினால் குறைக்க வேண்டும். குறைவாக வெந்த இன்சுலேட்டர் பார்க்க அம்சமாக இருக்கும், முதல் மழையில் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கம்பத்தில் கரண்ட் விடும். அதிகமாக வெந்தால் வளைந்து, பலகையோடு ஒட்டிக்கொண்டு உட்காரும். அதனால் உச்சியில் ஏறிய சூட்டைத் துளித்துளியாகக் கூட்டிக்கொண்டே வரவேண்டும். கூட்டல் நிறைந்ததும் நிறுத்த வேண்டும்.

"கூட்டல் நான் பாத்துக்கறேன்" என்றேன். 

என்னிடம் ஒரு கிராஃப் கால்குலேட்டர் இருந்தது. அமெரிக்காவில் இருக்கிற என் சித்தப்பா மகன், அவன் பெண் பள்ளிக்கூடம் முடித்ததும், ஊருக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. செங்கல் கனம். சின்னத் திரையில் கறுப்புப் புள்ளிகளால் கோடு வரையும். டிப்ளமா படித்த காலத்தில் லேபில் மைக்ரோபிராசசர் கிட்டைத் தட்டித் தட்டி, அசெம்பிளி என்கிற, சிப்போடு நேராகப் பேசும் மொழியைப் பழகியவன் நான். இந்தக் கால்குலேட்டருக்குள் இருக்கிற சிப் அந்தப் பழைய சிப்புக்குப் பங்காளி முறை. விட முடியுமா?

"இத போன்ல பண்ண முடியாதாங்க?" என்று கேட்டாள்.

"முடியும்."

"அப்புறம் எதுக்கு இந்தச் செங்கல்லு?"

"போன்ல யாரு வேணாலும் பண்ணுவாங்க."

சுடுவதற்கு முன்பே விரிசல் விட்ட பச்சைப் பாண்டத்தைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். பிறகு தன் வேலைக்குப் போய்விட்டாள்.

அசெம்பிளியில் எழுதுவதில் ஒரு சங்கடம். மற்ற மொழிகளில் "எனக்கு ஒரு பெட்டி கொடு, அதில் சூட்டைப் போட்டு வைக்கிறேன்" என்றால் எங்காவது ஓர் இடத்தில் கொடுத்துவிடும். இங்கே பெட்டியே கிடையாது. மெமரி என்று ஒரு பெரிய பொட்டல்வெளி, அடிக்கு அடி கதவு எண். இந்த எண்ணுள்ள இடத்தில் என் சூட்டை வை, அடுத்த எண்ணில் என் கூட்டலை வை என்று நாமே சொல்ல வேண்டும். அங்கே ஏற்கெனவே யாராவது குடியிருந்தால் அவர்கள் சட்டி பானை தெருவில். புரோகிராமின் வாலிலேயே கொஞ்சம் இடம் ஒதுக்கிக்கொள்ளலாம், அது பட்டா நிலம். அல்லது கால்குலேட்டரிடம் மனுப் போட்டு, பெயர் எழுதி, முறைப்படி இடம் வாங்கலாம், பத்திரப் பதிவு மாதிரி நேரம் பிடிக்கும். இன்னொரு வழியும் உண்டு. கால்குலேட்டர் தன் சொந்த உபயோகத்துக்காக வைத்துக்கொண்டு, பெரும்பாலான நேரம் சும்மா போட்டு வைத்திருக்கிற இடங்கள் சில இருக்கின்றன. அங்கே போய் யாரையும் கேட்காமல் குடிசை போட்டுக்கொள்ளலாம்.

நான் குடிசை போட்டேன். போட்டுவிட்டு அவளிடம் பெருமையாக விளக்கவும் செய்தேன்.

அவள் கம்மாபுரம் பக்கத்துப் பெண். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது அவள் அப்பா வீட்டுக் கொல்லையும் போனது. இந்த விஷயங்களை எனக்கு அவள்தான் சொல்லித்தர வேண்டும்.

"அந்த எடம் யாருது?" என்றாள்.

"கால்குலேட்டருதுதான். தூங்கப்போறப்ப திரையில இருக்கிற படத்த அங்க காப்பி எடுத்து வச்சிக்கும். முழிச்சதும் திருப்பிப் போடும். மத்த நேரத்துல காலிதான்."

"தூங்குனா?"

"அது ஏன் தூங்கப்போவுது? கொஞ்ச நேரம் ஒரு பட்டனையும் தொடாம வுட்டாதான் தூங்கும். நான்தான் ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் சூட்ட அடிச்சிக்கிட்டே இருக்கப்போறேனே."

"நோட்டீஸு வர்ற வரைக்கும் எங்க ஊருலயும் எல்லாரும் இப்படித்தான் பேசிக்கிட்டு இருந்தாங்க" என்றாள்.

தூங்கவிடாமல் செய்ய ஒரே ஒரு வரி எழுதினால் போதும். அதை எழுதியிருக்கலாம். அந்த ஒரு வரியை விட்டதால் புரோகிராம் இன்னும் சின்னதாக இருந்தது. சின்னதாக எழுதுவதில் எனக்கு ஒரு மயக்கம், வேறு யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும்.

அன்று விடிந்ததும் பர்னர் பற்றவைத்தார்கள். சூளையைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் ஒருவர் இருந்தார். கழுத்தில் சிலுவைச் செயின், வாயில் எப்போதும் வெற்றிலை. என் மனைவியைத் தங்கச்சி என்பார், அந்த உரிமையில் என்னை மச்சான் என்று கேலி செய்வார். பாதி நாள் வரைக்கும் என் செங்கல்லுக்கு வேலையில்லை. மீட்டர் ஆயிரத்து இருநூறு டிகிரியைத் தொட்டதும் நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்த அளவுதான் என் அடிக்கோடு. அதற்கு மேலே போகிற சூடுதான் கணக்கில் சேரும்.

மீட்டரைப் பார்ப்பேன், எண்ணை அடிப்பேன். திரையில் அடிக்கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி விழும், அடுத்த எண்ணுக்கு அதற்கு வலப்பக்கம் அடுத்த புள்ளி. பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை வரும்: ஏற்று, இறக்கு, அல்லது அப்படியே வை. கூட்டல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், வெளியே காட்டாது. எதற்குக் காட்டவேண்டும்? கூட்டல் நிறைந்தால் "ஆஃப்" என்று அதுவே சொல்லும். இதையும் ஓர் அழகு என்று நினைத்திருந்தேன்.

"மெஷினு என்னா சொல்லுது மச்சான்?"

"அப்படியே வைக்கச் சொல்லுதுண்ணே."

"பொண்டாட்டிய வுட நல்லா அதட்டுது" என்று சிரித்துக்கொண்டே வால்வைத் தொட்டும் தொடாமலும் திருகுவார்.

எங்கள் பேட்டையில் ஒரு வழக்கம். முதல் சொந்தச் சூளை உச்சிச் சூட்டுக்கு வந்ததும் கதவுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றுவார்கள். ஏற்றிவிட்டுச் சரக்குக்குச் சொந்தக்காரர்கள் வெளியே போய்விட வேண்டும். கற்பூரம் அணைந்து தட்டு ஆறுகிற வரை உள்ளே வரக்கூடாது. பெற்றவர்களின் கண்தான் முதலில் படும் என்பது கணக்கு. அண்ணன்கூட அந்த நேரத்தில் சூளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேஸ் சிலிண்டர்கள் பக்கம் போய் நின்றுகொள்வார். அவர் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்தான், இருந்தாலும் சூளை விஷயத்தில் யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார்.

என் மனைவி கற்பூரம் ஏற்றினாள். மீட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள். வால்வுகளுக்கு வைத்தாள். கால்குலேட்டரையும் விடவில்லை, திரையின் ஓரத்தில் ஒரு பொட்டு.

"நான் இங்கியே இருக்கேன். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் அடிக்கணும்" என்றேன்.

"சூடுதான் ஒரே மாதிரி நிக்குதே. வந்து சேத்து அடிச்சிக்குங்க. வாங்க வெளிய."

"இல்லம்மா..."

"இன்னைக்கி ஒருநாளு சொன்னா கேளுங்க."

கேட்டேன். புங்கமரத்தடியில் நின்று டீ குடித்தோம். அவள் டீயைக் குடிக்கவில்லை, டம்ளரைப் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றாள். கற்பூரம் இவ்வளவு நேரம் எரியுமா என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். காற்று அதிகம் இல்லாத நாள்.

உள்ளே வந்தபோது கால்குலேட்டர் திரை வெறுமையாக இருந்தது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஆன் பட்டனை அழுத்தினேன். என் கிராஃப் ஒரு புள்ளி குறையாமல் வந்து நின்றது. நல்ல பிள்ளை என்று மனதுக்குள் தட்டிக்கொடுத்தேன். மீட்டரைப் பார்த்து எண்ணை அடித்தேன்.

"ஆஃப்" என்றது.

"என்னா மச்சான், ஆஃப்புன்னு வந்துடுச்சா?" அண்ணன் எட்டிப் பார்த்தார். "மூடிடட்டா?" அவர் கை ஏற்கெனவே வால்வில் இருந்தது. பர்னரை அணைத்துவிட்டால் அந்தச் சூட்டுக்குத் திரும்ப ஏற்றுவது லேசில்லை. சரக்கு பாதியில் குளிர்ந்தால் வெடிக்கவும் செய்யும்.

நான் வாயைத் திறந்தேன். மூடச் சொல்லத்தான் திறந்தேன்.

"இருங்கண்ணே" என்றாள் என் மனைவி. திரைக்குப் பக்கத்தில் குனிந்திருந்தாள். "ஏங்க, எல்லாப் புள்ளியும் வரிசையா போவுது. இப்ப வுழுந்த புள்ளி மட்டும் என்னாத்துக்கு அந்தக் கோடியில போயி குந்தியிருக்குது?"

பார்த்தேன். கடைசிப் புள்ளிக்கு அடுத்து விழவேண்டிய புள்ளி, திரையின் வலது ஓரத்தில் அனாதையாகக் கிடந்தது. அடுத்த புள்ளி எந்த இடத்தில் விழவேண்டும் என்பதும் ஓர் எண். அதுவும் குடிசையில்தான் இருந்தது. கூட்டலும் அங்கேதான். 

தூங்கியிருக்கிறது. தூங்கப்போகும்போது திரையில் இருந்த படத்தை அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. அதன் இடம்தானே. என் எண்களின் மேல் படத்தின் மேல்மூலை வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த மூலையில் நான் அலங்காரமாகச் சூளை என்று ஆங்கிலத்தில் தலைப்புப் போட்டிருந்தேன். என் மனைவியின் சூளை இதுவரை குடித்த சூடு முழுவதும் போய், அந்த இடத்தில் இருந்தது அந்தத் தலைப்பின் முதலெழுத்தினுடைய கொண்டை. அந்தக் கொண்டையைக் கூட்டல் என்று எடுத்துக்கொண்டு, நிறைந்துவிட்டது, நிறுத்து என்கிறது மெஷின்.

"போச்சு" என்றேன்.

"என்னா போச்சு?"

"நோட்டீஸு வந்துடுச்சு."

அவள் அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். "எவ்ளோ வெந்திருக்குதுன்னு இப்ப யாருக்கும் தெரியாது. அதான?" என்றாள்.

"தெரியாது."

அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "மெஷினும் மத்தியானமானா அசந்துடுமா மச்சான்?"

நான் அவரைக் கும்பிடாத குறையாகக் கேட்டேன். "அண்ணே, நீங்க ஓட்டை வழியா நெருப்பு நெறத்த பாத்தே சொல்லிடுவீங்கன்னு பேட்டையில பேசிக்கறாங்களே."

"எவன் சொன்னான்? எல்லாரையும் மாதிரி மீட்டர பாத்துதான் நானும் பொழைக்கிறேன். அதுவும் தங்கச்சி மண்ணு புதுக் கலவை. நான் பாட்டுக்கு ஒண்ணு சொல்லி, அது கெட்டுப்போச்சின்னா அப்புறம் எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு இங்க வர்றது?"

மீட்டர் அப்படியே நின்றது. சூளை உறுமிக்கொண்டிருந்தது. நாங்கள் சும்மா நின்ற ஒவ்வொரு நிமிடமும் உள்ளே கூட்டலில் சூடு சேர்ந்துகொண்டிருந்தது, எத்தனையோடு சேர்கிறது என்று தெரியாத சூடு. குத்துமதிப்பாக ஒரு மணி நேரம் விடலாம் என்று நான் சொன்னேன். அரை மணி போதும் என்றேன். இரண்டையும் நானே சொன்னேன். எங்கே பிழை என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்து, படத்தை அங்கே வைத்தது, எண்ணையும் அங்கேதான் வைத்திருந்தேன் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"படம் இருக்குதுல்ல?" என்றாள் நடுவில்.

"படம் இருக்குது. எண்ணுதான் போச்சு."

"எண்ணு பாத்துதான படம் போட்டுச்சு?"

நான் ஆட்டிய கையை நிறுத்தினேன்.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு தடவை அடித்த சூடு. அடிக்கோட்டிலிருந்து அது எத்தனை புள்ளி உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் கூட்டலில் சேர்ந்தது. அத்தனை உயரத்தையும் எண்ணிக் கூட்டினால் போன கணக்கு திரும்ப வரும். இதை நானே கண்டுபிடித்திருக்கலாம். கால்குலேட்டரில் அசெம்பிளி எழுதுகிறவனுக்கு வெறும் படத்தைப் பார்த்து எண்ணத் தோன்றவில்லை.

"போன்ல போட்டோ எடுத்துக்கறேன். பெருசாக்கிப் பாக்கலாம்" என்று போனை நீட்டினாள். அந்த நேரம் பார்த்துத் திரை அணைந்தது.

"அய்யய்யோ!" என்றார் அண்ணன். அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததில் யாரும் பட்டனைத் தொடவில்லை. மறுபடியும் தூங்கிவிட்டது. "பயப்படாத. அது பத்திரமா வச்சிருக்கிறது அந்தப் படத்த மட்டும்தான்" என்று சொன்னேன்.  ஆன் பட்டனை அழுத்தினேன். படம் வந்தது.

சந்தனப் பொட்டு சில புள்ளிகளின் தலையை மறைத்திருந்தது. நான் விரலை நீட்டினேன். "நீங்க கைய எடுங்க" என்று தட்டிவிட்டு, முந்தானையின் நுனியால் அவளே துடைத்தாள், கண்ணில் விழுந்த தூசியை எடுப்பது போல. போட்டோ எடுத்தாள். இன்னொன்றும் எடுத்தாள்.

பிறகு எண்ணினோம். போனைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்கால் வரிசை வரிசையாகத் தொட்டு அவள் எண்ணினாள். நான் என் போனில் கூட்டினேன். ஆமாம், போனில். யாரு வேணாலும் பண்ணுகிற போனில். அண்ணன் மீட்டரைப் பார்த்துப் பார்த்து மாற்றமில்லை, மாற்றமில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். டீ குடித்த நேரத்துக்கும் எண்ணிய நேரத்துக்கும் அதே உயரத்தை வைத்துச் சேர்த்தோம்.

சரிபார்க்க நானும் தனியாக ஒரு தடவை எண்ணினேன். என் கூட்டல் அவளுடையதைவிட அதிகமாக வந்தது. என் கணக்குப்படி இன்னும் கொஞ்ச நேரத்தில் நிறுத்தவேண்டும். அவள் கணக்குப்படி அதைவிட வெகுநேரம் போகவேண்டும். எண்ணத் தெரியாதவர்கள் இல்லை நாங்கள். ஒரே படம், இரண்டு கணக்கு.

"நீங்க எங்கேருந்து எண்ணுனீங்க?"

"கோட்டுலேருந்துதான்."

"கோட்டையும் சேத்தா?"

"சேத்துதான்."

"கோடு எதுக்கு? கோட்டுக்கு மேலதான எண்ணணும்?"

ஒரு புள்ளி வித்தியாசம். ஆனால் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு புள்ளி. எது சரி என்று அவள் என்னைக் கேட்டாள். எழுதியவன் நான்தானே. கோட்டின் மேலேயே விழுகிற புள்ளியைப் பூஜ்யம் என்று எடுத்தேனா, ஒன்று என்று எடுத்தேனா? என் புரோகிராமை மனதில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு மாதிரியும் எழுதியிருப்பேன் என்றுதான் தோன்றியது. அதுதான் என்னுடைய லட்சணம்.

"நான் எழுதுனதுதான். ஞாபகம் இல்ல" என்றேன்.

அவள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "மொத மொத நீங்க அடிச்சப்ப மீட்டரு சரியா உங்க கோட்டு அளவுலதான நின்னுச்சு? தாண்டல இல்ல? நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"ஆமா."

"அப்ப மொதப் புள்ளி கோட்டுக்கு மேல தனியா இருக்கணும், இல்லன்னா கோட்டோட சேந்துருக்கணும். இங்க பாருங்க. மொத வரிசையில மேல புள்ளியே இல்ல. கோட்டோட சேந்துகிச்சு. அப்ப கோடுன்னா ஒண்ணுமில்லன்னுதான் அர்த்தம்."

நான் பார்த்தேன். இல்லைதான்.

"எந்தக் கணக்குப்படி தங்கச்சி?" என்றார் அண்ணன். என்னைக் கேட்கவில்லை.

அவள் மீட்டரைப் பார்த்தாள். சூளைக் கதவைப் பார்த்தாள். அவள் பக்கம் தப்பாக இருந்தால் உள்ளே எல்லாம் வளைந்து பலகையோடு ஒட்டிப்போகும். என் பக்கம் தப்பாக இருந்தால் வேகாத சரக்கு. இரண்டில் எதுவானாலும் அந்த வாசப்படிதான். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"என் கணக்குதான். இன்னும் எரியட்டும்."

அதற்கப்புறம் கால்குலேட்டர் மூலையில் கிடந்தது. அண்ணன் மீட்டரைப் படித்தார், நான் கூட்டினேன், அவள் எதிரே நின்று என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை கேஸ் அழுத்தம் இறங்கி, சூடு கொஞ்சம் சரிந்து, மறுபடி ஏறியது. அந்தச் சரிவையும் சேர்த்தோம். யாரும் கேலி பேசவில்லை. அண்ணன்கூட. பேசாத அண்ணனை நான் அன்றுதான் பார்த்தேன், அது மீட்டரைவிடப் பயமாக இருந்தது.

வெயில் ஷெட்டின் மேற்குப் பக்கத்துக்குச் சாய்ந்தபோது கூட்டல் நிறைந்தது. நான் எண்ணைக் காட்டினேன். அவள் ஒரு தரம் படித்தாள், உதட்டை அசைத்து இன்னொரு தரம்.

"அணைச்சிடுங்கண்ணே" என்றாள். பர்னர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. அத்தனை நேரம் இருந்த உறுமல் போனதும் காதுக்குள் ஏதோ விழுந்தது போலிருந்தது.

ஆறுகிற வரைக்கும் கதவைத் திறக்கக்கூடாது. சூடாகத் திறந்தால் அதுவரை பிழைத்ததும் வெடிக்கும். அன்று வீட்டுக்கு வந்ததும் என் எண்களைக் குடிசையிலிருந்து கிளப்பிப் புரோகிராமின் வாலில் பட்டா நிலத்தில் வைத்தேன். தூங்கவிடாத அந்த ஒரு வரியையும் எழுதினேன். அவள் வந்து எட்டிப் பார்த்தாள். "இப்ப எதுக்கு?" என்றாள். கால்குலேட்டரை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் கதவைத் திறந்தார் அண்ணன். சரக்குத் தட்டுகள் அடுக்கிய வண்டியை வெளியே இழுத்தோம். வெள்ளை வெளேர் என்று எல்லாம் நிமிர்ந்து நின்றன. ஒன்றுகூட வளையவில்லை. பலகையை விட்டுப் பொசுக்கென்று கையோடு வந்தன. நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்க. இனிமேதான் தெரியும்" என்றாள்.

வளையவில்லை என்றால் அதிகமாக வேகவில்லை என்று அர்த்தம். போதுமான அளவு வெந்ததா என்பது வேறு கேள்வி. நடுத்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தரையில் வைத்து, சுத்தியலால் ஒரே போடு போட்டாள். பல நாள் கையால் தடவித் தடவிச் செய்தது. உடைந்த முகத்தில் சிவப்பு மையைச் சொட்டவிட்டாள். வேகாத பீங்கான் மையைக் குடித்துவிடும். வெந்ததில் மை தங்காது. கொஞ்ச நேரம் விட்டுத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தாள். சிவப்பு தண்ணீரோடு போனது. உள்ளே எலும்பு மாதிரி வெள்ளை. மேல்தட்டிலிருந்து ஒன்றை உடைத்தாள். அதுவும் வெள்ளை.

அடித்தட்டிலிருந்து உடைத்ததில் ஓரத்தில் லேசாக ரோஜா நிறம் தங்கிவிட்டது. மறுபடி தேய்த்தாள். போகவில்லை. அதே தட்டில் இன்னொன்றை உடைத்தாள். அதுவும் அப்படியே. அண்ணன் தலையைச் சொறிந்தார். "கீழ்த்தட்டுக்குச் சூடு எட்டல தங்கச்சி. மீட்டரு மேலதான குத்தியிருக்குது."

அவள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போடவில்லை. எனக்கு அவள் பக்கம் மட்டும்தான் கேட்டது.

"வணக்கங்க. சரக்கு வந்துடுச்சிங்க... இல்லிங்க, நீங்க கேட்டதுல ஒரு தட்டு கொறையுது. வேவலைங்க. அத உங்களுக்கு அனுப்ப மாட்டேன்... வர்றது அத்தினியும் உடைச்சிப் பாத்த தட்டுல இருந்துதாங்க வருது... தெரியுங்க. தெரியுதுங்க."

பிறகு வெகுநேரம் அந்தப் பக்கம்தான் பேசியது. அவள் சுவரில் ஒட்டியிருந்த காய்ந்த மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"சரிங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

"என்னா சொன்னாரு?" என்றேன்.

"அடுத்த சூளை என்னைக்குன்னு கேக்கறாரு."

அண்ணன் அப்படியே தரையில் குந்திவிட்டார்.  அவள் அதற்குள் மேல்தட்டுச் சரக்கை இரண்டு இரண்டாகக் கீழே இறக்க ஆரம்பித்திருந்தாள்.

"பாத்துக்கிட்டே நிக்கறீங்களே, அந்த வைக்கோல எடுத்தாங்க. மத்தியான லாரியில ஏத்தணும்."